எறிந்ததைக் கொணராத இளநாய்

ஆறு மாதக் குருளை ஒன்று, எறிந்த கோலை முதல்நாள் பாய்ந்து சென்று கவ்விக் கொணர்கின்றது. இரண்டாம் நாளும் கொணர்கின்றது. வளர்ப்பவன் மகிழ்ந்து போய் இருபது முறை எறிகின்றான். பத்தாம் நாள் அதே கோலை எறிந்தால், அது விழுந்த திசையைப் பார்த்துவிட்டு மணலிலே படுத்துக்கொள்கின்றது. 'இந்த நாய் உதவாது' என்று வளர்ப்பவன் முடிவு கட்டிவிடுகின்றான். நாயைப் பழக்கும் கலையின் வரலாற்றிலே இந்த ஒரு காட்சி எத்தனை நூற்றாண்டுகளாக நிகழ்ந்து வந்திருக்கின்றது என்பதையும், அதற்கு மனிதர் கண்ட மாற்று யாது என்பதையும் ஆராய்தல் சுவையுடையது. அவ்வாராய்ச்சிக்குக் கதிரவெளி தக்கதோர் இடமாகும்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பாதையில், வாகரையைக் கடந்து வெருகலை எட்டுமுன் அமைந்துள்ள கடற்கரை ஊர் கதிரவெளி. பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்கள் காணப்பட்டமையால் இவ்வூர் தொல்பொருள் அறிஞரிடையே பெயர் பெற்றது. கிழக்கே கடலும் மேற்கே காடுமாக உள்ள இப்பகுதியிலே, தமிழ் பேசி, மீன்பிடித்தும் தேனெடுத்தும் சேனை செய்தும் வாழ்ந்துவரும் கரையோர வேடர் உளர். செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூலில் இம்மக்களும் இடம்பெற்றுள்ளனர்.

வேடருக்கும் நாய்க்கும் உள்ள உறவு மிகப் பழையது. நில்கல குகையிலும் பெல்லன்பண்டி பலஸ்ஸ என்னுமிடத்திலும் கிடைத்த நாயெலும்புகளைக் கொண்டு, இத்தீவில் வாழ்ந்த கற்கால மக்கள் ஏறத்தாழ 6500 ஆண்டுகளுக்கு முன்னரே விலங்குகளை விரட்டுதற்கு நாய் வளர்த்திருக்கலாம் என்று அறிஞர் கருதுவர். கதிரவெளிக்கு வடக்கே கொட்டியாரக் குடாவில் 1660 ஆம் ஆண்டு பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி கூறுகின்றார்: வேடர் தம் பிள்ளைகளின் திருமணத்திற்குச் சீதனமாக வேட்டைநாய்களைக் கொடுப்பராம். பொன்னும் நிலமும் இல்லாத ஒரு குடி நாயைச் சீதனமாக ஈந்தது என்றால், அந்நாய் எத்துணை உழைப்பால் ஆக்கப்பட்ட செல்வமாக இருந்திருத்தல் வேண்டும்! பழகாத நாயை எந்த மருமகன் சீதனமாக ஏற்பான்?

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். வேடனின் நாய் மோப்பம் பிடிக்கும். உடும்பைப் பற்றைக்குள் மறிக்கும். பன்றியைச் சூழ்ந்து நின்று குரைக்கும். வேடன் அவ்விடம் வந்து சேரும்வரை அதனை அங்கேயே நிறுத்தி வைப்பதுதான் அதன் தொழில். எடுத்துக்கொண்டு வந்து கையிலே கொடுப்பது அதன் தொழில் அன்று. தமிழரின் பழைய நாய்களும் இத்தகையனவே. ஞமலி என்றும் ஞாளி என்றும் பழம்புலவர் பாடியவை, துரத்தியும் காத்தும் நின்ற நாய்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34 ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட நடுகல்லிலே, மாண்ட வீரனோடு கோவிவன் என்னும் நாயும் பெயர் சுட்டி நிறுத்தப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்றமைக்காகவே அதற்கு அச்சிறப்புக் கிட்டிற்று. கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டிலே போற்றப்படும் காளி என்னும் வேட்டைநாய், பத்தாம் நூற்றாண்டிலே காட்டுப்பன்றியோடு பொருது தானும் மாண்டது. காத்தல், பொருதல், மறித்தல் ஆகியவற்றுக்கே நம் நாட்டு நாய்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டன. ஆகவே கதிரவெளியில் பிறந்த ஊர்நாய் ஒன்று கோலைக் கொணராவிடில், அதனை மந்தம் என்று பழித்தல் தகாது. அதன் பாட்டனும் கொணர்ந்ததில்லை.

கொணரும் தொழில் நீர்நிலைகளை அண்டிப் பிறந்தது. எய்த பறவை நீரில் வீழ்ந்தால் அதனை யார் எடுப்பது? இங்கிலாந்தின் மருத்துவர் ஜோன் கீயஸ் 1570 இல் இலத்தீன் மொழியில் எழுதிய நாய்நூலிலே, நீர்நாய்கள் வீழ்ந்த பறவைகளை மட்டுமன்றிக் குறி தவறி நீரில் விழுந்த அம்புகளையும் எடுத்து வந்தன என்கிறார். (நீர்நாய் என்றது நீரில் இறங்கித் தொழில் செய்யும் நாயை, களப்பிலே மீன் தின்னும் பிராணியை அன்று.) 1621 இல் ஜேர்வஸ் மார்க்கம் பறவை வேட்டை பற்றி எழுதிய நூலில் இந்நாயைப் பழக்கும் முறையையும் விரித்துரைத்தார். பின்னர் துவக்கு பெருகிற்று. பறவை தொலைவில் வீழ்ந்தது. கொணரும் நாயின் மதிப்பும் உயர்ந்தது. நியூபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர், கயிறுகளையும் தூண்டிலிலிருந்து நழுவிய மீன்களையும் எடுத்துவரப் பழக்கியிருந்த நாய்களின் வழியிலேதான் லாப்ரடோர் இனம் தோன்றியது. இங்கிலாந்தின் நாய்க்கழகம் 1903 இல் அதனைத் தனியினமாக ஏற்றுக்கொண்டது. வலையும் தோணியுமாக வாழும் வாகரைக் கரையார்க்கு இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

இலங்கைக்கு வந்த வெள்ளையரும் தம் நாய்களைக் கொணர்ந்தனர். 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவெல் பேக்கர், மரை வேட்டைக்கென நாய்க்கூட்டம் ஒன்றை வைத்திருந்தார். கில்பக், பிரான் என்னும் அவருடைய நாய்களின் வீரத்தை அவர் எழுதிய வேட்டை நூலிலே காணலாம். அவையும் துரத்திப் பிடித்தவையே.

கொணரும் நாய்க்கு வாயிலே மென்மையும் மனத்திலே விருப்பமும் ஒருங்கே வேண்டும். விருப்பம் அற்றுப்போனால் என் செய்வது? இந்த வினாவுக்கு ஐரோப்பா இரண்டு விடைகளைக் கண்டது. ஒன்று வன்முறை. நாயின் காதைக் கிள்ளி, வலியால் அது வாயைத் திறக்கும்போது கட்டையைத் திணித்து, கவ்வியதும் வலியை நிறுத்தும் முறை அமெரிக்காவிலே பரவிற்று. ஜேர்மனியில் 1910 இல் கொன்றாட் மோஸ்ட் எழுதிய பயிற்சி நூலும் கட்டாயத்துக்குப் பேரிடம் அளித்தது. ஆயினும் செயலுக்கும் அதன் பயனுக்கும் இடையே காலம் நீளின் நாய் கற்காது என்ற உண்மையை அவர் தெளிவாகக் கண்டிருந்தார். மற்றைய விடை பொறுமை. 1848 இல் வெளிவந்த ஹட்சின்சன் என்னும் படைத்தலைவரின் நூல், சாட்டைக்கு மாறாகப் பரிசையும் சீரான கட்டளையையும் வற்புறுத்தியது. உளவியலறிஞர் ஸ்கின்னர் 1951 இல் எழுதிய கட்டுரையொன்று, சிறிய ஓசை ஒன்றை எழுப்பி உடனே உணவளிப்பதன் மூலம் விலங்குகளைப் பழக்கலாம் என்று விளக்கியது. இன்றைய பயிற்றுநருட் பலர் இவ்வழியே செல்கின்றனர்.

இவையெல்லாம் பொழுதுபோக்கு அன்றோ என்று நேயர்கள் எண்ணலாம். அன்று. கதிரவெளி மக்கள் போரின் கொடுமையை முற்றும் அறிந்தவர்கள். 2006 நவம்பர் 8 ஆம் நாள், இவ்வூர்ப் பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்து 40 பேருக்கு மேல் மாண்டனர். எஞ்சியோர் ஊரை விட்டு அகன்றனர். மக்கள் மீண்டு வந்தபோது, எந்த நிலத்தில் கால் வைப்பது என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி நீங்கியதாக அறிவிக்கப்பட்டது 2017 ஜூன் மாதத்திலேதான். கையால் அகழ்தல், இயந்திரம், நாய் ஆகிய மூவகையும் இத்தீவின் வெடியகற்றும் பணியிலே பயன்பட்டன.

வெடியை மோப்பம் பிடிக்கும் நாய் எதற்காக உழைக்கின்றது? பெரும்பாலும் ஒரு பந்துக்காக. மணத்தைக் கண்டதும் அசையாமல் அமர்கின்றது. பயிற்றுநன் பந்தை எறிகின்றான். பாய்ந்து கவ்வி அவனிடம் வருகின்றது. அவ்விளையாட்டே அதன் கூலி. பந்தில் விருப்பம் அற்ற நாய், மண்ணிலே மூக்கை வைத்துச் செல்வது போலத் தோன்றும், ஆயினும் தேடாது. அது கடந்து சென்ற நிலத்தைத் தூயதென்று குறித்துவிட்டால், அடுத்து அங்கே நடப்பவன் ஓர் உழவனாகவோ ஒரு சிறுமியாகவோ இருப்பான். ஆதலாற்றான் ஒரே நிலத்தை வெவ்வேறு நாய்களைக் கொண்டு இருமுறை தேடச் செய்யும் வழக்கம் இப்பணியில் நிலவுகின்றது.

எனவே விருப்பம் இழந்த இளநாயைத் திருத்துபவர் முதலில் அதன் உடலைப் பார்ப்பர். நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை குருளைக்குப் பல் விழுந்து முளைக்கும்; ஈறு நோகும்போது கடினமான கட்டையை அது கவ்வாது. உண்ணி கடித்துக் காய்ச்சல் கண்ட நாய் ஓடாது. அதனை மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நண்பகல் மணலிலே எந்த நாயும் ஓட விரும்பாது. உடலிலே குற்றம் இல்லையாயின் அடுத்து ஆராய வேண்டியது பழக்குபவனுடைய நடத்தை. பெரும்பாலும் குற்றம் அங்கேயே கிடைக்கும். இருபது முறை எறிந்தவன் அவன். கொண்டுவந்த பொருளை ஒவ்வொரு முறையும் வாயிலிருந்து பறித்தவனும் அவன். பிந்தி வந்ததற்காக அதட்டியவனும் அவனே. கொணர்ந்தால் பொருள் பறிபோகும், ஏச்சும் கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட நாய் கொணராமல் இருப்பது அறிவின்மை அன்று.

மாற்று முறை எளிது, பொறுமைதான் அரிது. சில நாட்கள் பந்தை அறவே மறைத்துவிடுவர். பின்னர் நாய் காண அதனை எடுத்துத் தாமே விளையாடி, கொடாமலே மீண்டும் வைத்துவிடுவர். நாயின் கண் பந்தைத் தொடரத் தொடங்கிய பின்னரே, ஒரு சிறு தூரம், ஒரே ஒரு முறை உருட்டுவர். கவ்வியதும் அதனை நோக்கிச் செல்லாமல் எதிர்த்திசையில் ஓடுவர். துரத்துவது நாயின் இயல்பாதலால் அது வாயிற் பந்தோடு பின்தொடரும். அருகே வந்ததும் பறியாமல், கழுத்தைத் தடவிச் சிறிது நேரம் வைத்திருக்க விட்டு, இரண்டாவது பந்தையோ ஒரு துண்டு கருவாட்டையோ காட்டி மாற்றிக்கொள்வர். அது 'இன்னும் ஒரு முறை' என்று துள்ளும்போதே அன்றைய பாடத்தை முடித்துவிடுவர். மறுநாள் இருமுறை, அதற்கு மேல் இல்லை. வெறுந்தரையில் தவறாமல் கொணர்ந்த பின்னர்ப் புல்லிலும், அதன் பின்னர் மறைவான பற்றையிலும் எறிவர். நீரிலே பழக்குவது எல்லாவற்றிற்கும் கடைசி. அதற்கும் அலையடிக்கும் கடற்கரை ஆகாது. முதலை நடமாட்டம் இல்லாத, முழங்காலளவு ஆழமுள்ள களப்போரமே ஏற்றது. அங்கேயும் முதல்நாள் பழக்குபவன் தானே நீரில் இறங்கி, பந்தை நாயின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் மிதக்கவிடுதல் வேண்டும்.