துப்பாக்கி உரிமமும் சென்னைத் தீர்மானமும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச் சாலையின் அடிவாரத்தில் தென்னையும் மாவும் வாழையும் செழித்து நிற்கின்றன. அந்தி சாய்ந்தால் அத்தோட்டங்களில் காட்டுப் பன்றி இறங்கும். தோட்டக்காரர் ஒருவர் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்துக்கொள்ள விரும்பினால், மாவட்ட அதிகாரிக்கு மனுச் செய்ய வேண்டும். காவல் துறை விசாரித்து அறிக்கை அனுப்பும். எதற்காகத் துப்பாக்கி என்ற வினாவுக்கு அவர் விடை எழுதியாக வேண்டும். தம் நிலத்தைத் தாம் காக்க எண்ணுவோர் அரசுக்குக் காரணம் கூறவேண்டிய இந்நிலை எப்போது பிறந்தது?

திண்டுக்கல் சீமையில் ஆயுதம் ஒரு காலத்தில் அன்றாடப் பொருள். 1755-இல் இங்கே பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளரின் துணையோடு பீரங்கிப் படையையும் ஆயுதச்சாலையையும் அமைத்தார். இவ்வட்டாரத்தில் நம்மவர் பலர் தாங்கியிருக்கும் இராவுத்தர் என்னும் பெயரும் குதிரைவீரரைக் குறித்ததே. 1792-இல் இச்சீமை கும்பினியார் கைக்கு மாறியது. பழனி மலையின் வடபுறத்து விருப்பாட்சியில் கிளர்ந்தெழுந்த கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான பிரகடனம், பாளையக்காரரும் அவர்தம் ஆட்களும் துப்பாக்கியும் ஈட்டியும் ஏந்தலாகாது என்று தடுத்தது.

அன்று ஆயுதம் பறிக்கப்பட்டது போரில் தோற்றவரிடம். ஒரு சமூகத்தைப் பெயர் சுட்டிப் பறிக்கும் வழக்கமோ மலபாரில் தோன்றியது. மலபார் அப்போது சென்னை இராசதானியின் ஒரு மாவட்டம். நிலக் கொடுமையினின்று மூண்ட மாப்பிள்ளைக் கலகங்களை அடக்க 1854-இல் இயற்றிய சட்டத்திற்கு வைத்த பெயரே ‘மாப்பிள்ளைப் போர்க் கத்திச் சட்டம்’ என்பது. கலெக்டர் கானலி ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கத்திகளைத் திரட்டினார். கலகத்திற்கும் தமக்கும் தொடர்பே இல்லாதவரும் கத்தியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1855 செப்டம்பரில் கானலி கொல்லப்பட்டார். கத்தி வேட்டையால் அமைதி வந்துவிடவில்லை.

பின்னர் 1878-இல், லிட்டன் பிரபுவின் ஆட்சியில், இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. அதன்கீழ் எழுந்த விதிகள் ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் விலக்களித்தன. கொடைக்கானலில் 1845 முதலே அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டியிருந்தனர். அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்தில் இறங்கி மாட்டு வண்டியில் மலை நோக்கிச் சென்ற துரைமாரிடம் துப்பாக்கி இருந்தால் உரிமம் கேட்பாரில்லை. வண்டியை ஓட்டியவருக்கோ உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம்.

இதை எதிர்த்து எழுந்த குரலில் நமக்குத் தனி அக்கறை உண்டு. 1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாம் மாநாடு சென்னையில் கூடியது. தலைமை வகித்தவர் ஜனாப் பத்ருத்தீன் தையாப்ஜி. காங்கிரஸின் முதல் முஸ்லிம் தலைவர். ஆயுதச் சட்டத்தை அடியோடு நீக்கவேண்டும் என்று பிபின் சந்திர பால் முழங்கினார். நிறைவேறிய தீர்மானம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. சட்டம் மக்கள்மீது தகாத பழியைச் சுமத்துகிறது. ஆதலால் எல்லோரும் ஆயுதம் வைத்திருக்கலாம் எனத் திருத்துக. தடுக்க வேண்டியவரை மட்டும், காரணத்தை எழுத்தில் பதிந்து வெளியிட்டுத் தடுக்கலாம் என்று அது கேட்டது.

இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். தடுக்கப்படத் தக்கவர் யார்? தனி மனிதர் மட்டுமல்லர், குறிப்பிட்ட சமூகத்தாரும் வகுப்பாரும் என்று அத்தீர்மானமே இடம் விட்டது. மாப்பிள்ளைச் சட்டம் பிறந்து 33 ஆண்டுகளே ஆகியிருந்தன. மாநாடு கூடியதும் அதே இராசதானியின் தலைநகரில். தையாப்ஜியின் தலைமையிலேயே இச்சொற்கள் நிறைவேறின என்பது நமக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆயினும், காரணத்தை எழுத்தில் தருக என்ற கோரிக்கை அக்காலத்திற்குச் சிறியதன்று. எழுதிய காரணத்தை மறுக்கலாம். எழுதாத சந்தேகத்தை எப்படி மறுப்பது?

சட்டத்தின் கெடுபிடி கலெக்டர் ஆஷைக் காக்கவில்லை. வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவாவும் வ. உ. சிதம்பரனாரும் 1908-இல் சிறைப்பட்டபின், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்ட துப்பாக்கிக்கு யார் உரிமம் கொடுத்தார்?

இனத்தைக் காட்டி அளித்த விலக்கு 1920-இன் புதிய விதிகளில் நீங்கியது. 1931-இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் தாங்குவதைக் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாக எண்ணியது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் இதனை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொணர்ந்தபோது, டாக்டர் அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் தோற்றது. அமெரிக்காவிலோ 1791 முதல் அரசியல் சட்டத்திலேயே ஆயுத உரிமை உண்டு. வெளிப்படையாக ஏந்துவதற்கும் மறைத்து ஏந்துவதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுவேறு சட்டங்கள். அந்நாட்டில் துப்பாக்கியால் மாளும் உயிர்களைக் காணும்போது, அம்பேத்கரின் பக்கமே நம் மனம் சாய்கிறது. நாம் கேட்பது துப்பாக்கியை அன்று. கேட்டவரைச் சமமாக நடத்துவதை.

அவ்வகையில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒரு முன்னேற்றமே. பயிர்க் காவலுக்கென உண்மையாகக் கேட்போருக்கு வேறு தடையில்லாதபோது நாட்டுத் துப்பாக்கி உரிமம் தரவேண்டும் என்று 13-ஆம் பிரிவு கூறுகிறது. போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது என்பது 14-ஆம் பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதியவேண்டும். கேட்டால் சுருக்கமாகத் தரவும் வேண்டும். பொது நலனுக்கு ஒவ்வாது என அதிகாரி கருதினால் மட்டுமே தராமல் இருக்கலாம். சென்னையில் 1887-இல் கேட்டதன் ஒரு பாதி இவ்வாறு 72 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. அப்பாதி விலக்கு நம்மவர் பலருக்கும் தெரிவதில்லை. மறுப்பு வந்ததும் விதியென்று திரும்பிவிடுகின்றனர். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

உரிமம் கிடைத்தாலும் கட்டுகள் பல. 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி பொது இடத்தில் துப்பாக்கியை உறையிலிட்டே கொண்டு செல்லவேண்டும். 2019-இன் திருத்தம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே என்று வரையறுத்து, உரிமக் காலத்தை 5 ஆண்டுகளாக்கியது. துப்பாக்கி உரிமம் பன்றியைக் கொல்லும் உரிமமும் அன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே நிற்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலோர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். தேர்தல் முடிந்தபின் அந்த ரசீதைக் காட்டி மீட்டுக்கொள்ளலாம். அதுவரை தோட்டத்தில் தகரம் தட்டுவதுதான்.