சிங்கப்பூரின் சிறுதீவுகள்

சிங்கப்பூரின் முதன்மைத் தீவைச் சுற்றி 60-க்கும் மேற்பட்ட சிறுதீவுகள் உள்ளன. பெரும்பாலானவை தெற்கே சிங்கப்பூர் நீரிணையில் கிடக்கின்றன. வடகிழக்கே ஜொகூர் நீரிணையில் உள்ளவற்றுள் குறிப்பிடத்தக்கவை இரண்டு: தேசிய சேவைக்குப் போகும் இளைஞர்கள் தொடக்கப் பயிற்சி பெறும் புலாவ் தெக்கோங், சைக்கிளோட்டிகளும் பறவை பார்ப்போரும் விரும்பிச் செல்லும் புலாவ் உபின்.

சுற்றுலாக் கையேடுகள் இத்தீவுகளை மனிதக் கை படாத இயற்கை என்று வருணிப்பதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. துறைமுகமாக வளர்ந்த நகரம், தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாத நோயாளி, கைதி, எண்ணெய், வெடிகுண்டு, குப்பை ஆகிய எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்த கொல்லைப்புறம் இது. மற்றவர் நுழையாமல் போனதாலேயே சில இடங்களில் பவளமும் அலையாத்தியும் பிழைத்தன. வேறு சில இடங்களில் அந்த ஒதுக்கலே அவற்றை அழித்தது.

ஆங்கிலேயர் வருமுன்பே இங்கு மனிதர் இருந்தார்கள். படகையே வீடாகக் கொண்ட ஓராங் லாவுட் மக்களும் மலாய் மீனவர்களும் இந்தத் தீவுகளையும் திட்டுகளையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள். ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் 1819 ஜனவரி 28 அன்று சிங்கப்பூர் ஆற்றுக்கு வருமுன் நங்கூரமிட்டது, பின்னாளில் செயின்ட் ஜான்ஸ் எனப்பட்ட தீவுக்கு அருகில்தான்.

தமிழர் வரலாற்றோடு மிக நெருங்கிய தீவும் அதுவே. 1873-இல் சிங்கப்பூரில் காலரா பரவியது. அடுத்த ஆண்டே செயின்ட் ஜான்ஸில் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் திறக்கப்பட்டது. சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்களும் ஹஜ் முடித்துத் திரும்பியவர்களும் இங்கே இறக்கப்பட்டார்கள். 1930-களில் உலகின் மிகப் பெரிய தடுப்பு நிலையங்களுள் ஒன்றாக இது பேசப்பட்டது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் பலர் முதலில் மிதித்த சிங்கப்பூர் மண் இதுதான். உடுத்திய துணியும் கொண்டுவந்த மூட்டையும் கிருமிநீக்கத்துக்குப் போகும். ஆட்கள் நீண்ட கொட்டகைகளில் காத்துக் கிடப்பார்கள். அறைப் பயணிகளைவிட மேல்தளப் பயணிகளுக்கே இந்தக் கெடுபிடி அதிகம். தென்னை நிழலில் நகரத்தின் வானுயர் கட்டடங்களைப் படம் பிடிக்கும் இன்றைய பயணிகளில் எத்தனை பேருக்கு, தங்கள் பாட்டனார் இதே கரையில் அடைபட்டிருந்திருக்கலாம் என்பது தெரியும்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தீவின் வேலை மாறியது. அரசியல் கைதிகளும் இரகசியக் கும்பல்களின் தலைவர்களும் அடைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் சிங்கப்பூரின் அதிபரான சி. வி. தேவன் நாயர் 1951-இல் கைதானபின் இங்கேதான் வைக்கப்பட்டிருந்தார். 1955 முதல் அபின் பழக்கத்துக்கு அடிமையானோரின் மறுவாழ்வு மையமும் இயங்கியது. 1970-களில் விடுமுறைத் தங்குமிடங்களும் குளிப்பதற்கான காயல்களும் அமைத்துத் தீவைப் பொழுதுபோக்கிடமாக மாற்றினார்கள். இன்று தேசியக் கடலாய்வுக் கூடமும் இங்கே உள்ளது.

அதே தென்கடலில், பெயருக்கு நேர்மாறான கதை புலாவ் செனாங்குடையது. மலாயில் அப்பெயர் நிம்மதியைக் குறிக்கும். 1960-இல் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்ட கும்பல் உறுப்பினர்களைக் கம்பிச் சிறையில்லாமல் உழைப்பாலேயே திருத்தும் சோதனை இங்கே தொடங்கியது. சாலையும் பட்டறையும் குடியிருப்பும் கைதிகளே கட்டினார்கள். 1963 ஜூலை 12 அன்று அவர்களே அவற்றைக் கொளுத்தினார்கள். கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அவருடைய சகாக்கள் சிலரும் கொல்லப்பட்டார்கள். 1965-இல் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இன்று செனாங், பாவாய், சுடோங் மூன்றும் இராணுவத்தின் சுடுபயிற்சித் தளங்கள்; பொதுமக்கள் அங்கே இறங்க முடியாது.

எண்ணெய் இன்னும் முன்பே வந்துவிட்டது. 1891-லேயே புலாவ் புக்கோமில் மண்ணெண்ணெய்க் கிடங்கு; 1961-இல் ஷெல் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. தென்மேற்கே ஏழு தீவுகளைக் கடலைத் தூர்த்து இணைத்து ஜூரோங் தீவு என்னும் பெட்ரோ வேதித் தொழிற்பேட்டை உருவானது. ஆங்கிலேயப் பீரங்கிகள் நின்ற புலாவ் பிளாக்காங் மாத்தி 1972-இல் செந்தோசா என்று பெயர் மாறி, கேளிக்கைத் தீவாயிற்று. அதைப் பற்றி எழுதுவதற்கு விளம்பரக்காரர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

குசு தீவு இவற்றினின்று வேறுபட்டது. இங்கே மக்களைக் கொண்டுவந்தது பக்தி. 1923-இல் கட்டப்பட்ட துவா பெக் கோங் சீனக் கோயில் கீழே. குன்றின் மேல் மலாய் முஸ்லிம் அடியார்களின் மூன்று அடக்கத்தலங்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் படகு படகாகக் கூட்டம் வரும். கோயிலில் ஊதுபத்தி ஏற்றியவர்களே 152 படியேறி மேலே போய் அங்கும் வேண்டிக்கொள்வது வழக்கம். 2022 ஏப்ரலில் தீ அந்தக் குன்றின் தலங்களைச் சிதைத்தது. குசு முன்பு கடல் பெருகும்போது இரண்டு திட்டுகளாகப் பிரிந்து நிற்கும் பாறைதான். 1975-இல் தூர்த்து 8.5 ஹெக்டேராக விரிவாக்கினார்கள். தூர்த்த மண்ணுக்கு அடியில் போனது பவளத்திட்டு என்பதை அப்போது பெரிதாக யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வடகிழக்கே புலாவ் உபின் கருங்கல்லால் பிழைத்த ஊர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெட்ரா பிராங்காவில் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் இங்கிருந்துதான் போனது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் இங்கே கல்லுடைத்திருக்கிறார்கள். கடைசிக் குவாரி 1999-இல் மூடியது. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளங்களாயின. பெக்கான் குவாரியின் நடுத்திட்டு மரங்களில் இன்று சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. சிங்கப்பூரில் நெடுங்காலம் காணப்படாதிருந்த கருவெள்ளை இருவாச்சி 1994-இல் உபினில் தென்பட்டது. இப்போது நகரத்துப் பூங்காக்களிலும் அதைப் பார்க்கலாம்.

உபினுக்குப் போவது எளிது. சாங்கி முனைத் துறையில் பம்போட் எனப்படும் மரப்படகு 12 பேர் சேரும்வரை காத்திருக்கும். ஆளுக்கு 4 வெள்ளி. ஆள் சேரவில்லையென்றால், அவசரப்படுபவர்கள் மீதிப் பணத்தைப் பகிர்ந்து கொடுத்துக் கிளம்பலாம். சிங்கப்பூரில் முன்பதிவும் செயலியும் இல்லாமல் நடக்கும் மிகச் சில பயணங்களில் இதுவும் ஒன்று.

தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா, இந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு திருப்பம். 2000-ஆம் ஆண்டின் இறுதியில், நிலமீட்புக்குக் குறிக்கப்பட்டிருந்த இந்தக் கரையில் எவ்வளவு உயிர்வளம் இருக்கிறது என்பது இயற்கை ஆர்வலர்களுக்குத் தெரியவந்தது. கடல் வற்றும்போது மணல்திட்டு, கடற்புல் வெளி, பாறைக்கரை, அலையாத்திக்காடு ஆகியவை அடுத்தடுத்து வெளிப்படும். முதுகில் குமிழ் முளைத்த நட்சத்திர மீன், தட்டகலம் விரிந்த கடல் சாமந்தி, ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்து அதை ஆட்டி ஆட்டி அழைக்கும் நண்டு என எல்லாம் கணுக்கால் நீரில். செய்தி பரவ, குடும்பம் குடும்பமாக மக்கள் பார்க்க வந்தார்கள், ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் இருப்பதை எல்லாம் பதிவு செய்தார்கள், கடிதங்கள் குவிந்தன. 2001 டிசம்பரில் அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. கைவிடவில்லை, தள்ளிவைத்தது: வளர்ச்சிக்கு நிலம் தேவைப்படாதவரை என்பது நிபந்தனை. 2007-இன் தொடக்கத்தில் ஜொகூரில் பெய்த பெருமழையின் நன்னீர் வந்து சேர்ந்து, கரைவாழ் உயிர்கள் ஏராளமாக மடிந்தன. அவை மெல்ல மீளத் தொடங்கிய அந்த ஆண்டு ஜூலையில், 1 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடைப்பாலம் திறக்கப்பட்டது. அதற்குப்பின் அங்கே நடப்பவர்களின் கால் சேற்றில் படுவதில்லை.

புலாவ் செமாகாவின் வரலாறு கதையைத் தலைகீழாக்குகிறது. முதன்மைத் தீவின் கடைசிக் குப்பைமேடு 1999 மார்ச்சில் மூடப்பட்டது. மறுநாளே, செமாகாவுக்கும் அருகிலிருந்த சாக்கெங் தீவுக்கும் நடுவில் 7 கிலோமீட்டர் கரைகட்டி அடைத்த கடலில் சாம்பல் கொட்டத் தொடங்கினார்கள். சாக்கெங் கம்பத்து மக்கள் அதற்குமுன்பே அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்மாற்றப்பட்டிருந்தார்கள். எரியூட்டிய குப்பையின் சாம்பலைத் தெப்பங்கள் கொண்டுவருகின்றன. கசிவு வெளியேறாதபடி உள்ளே நீர்புகாத் தாளும் கடற்களியும் உண்டு. கட்டுமானத்தில் அழிந்த அலையாத்திக்கு ஈடாக நட்ட கன்றுகள் தழைத்துக் காடாகிவிட்டன. 2005 முதல் மக்கள் அங்கே இயற்கை நடை போகிறார்கள். குப்பைக்கிடங்கு 2035-ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசின் கணிப்பு.

நிலமீட்பினால் சிங்கப்பூரின் பவளத்திட்டுகளில் பெரும்பகுதி போய்விட்டது. கலங்கலால் நீருக்கடியில் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரிவது அரிது. ஆனாலும் 250-க்கு மேற்பட்ட வன்பவள இனங்கள் இங்கே வாழ்கின்றன. 2014-இல் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றி நாட்டின் முதல் கடற்பூங்கா அறிவிக்கப்பட்டது. சீரமைப்புக்காக 2021-இல் மூடிய பெரிய தீவு 2024 அக்டோபரில் மீண்டும் திறந்தது. அதே ஆண்டு ஜூனில், பாசிர் பாஞ்சாங் முனையத்தில் இரண்டு கப்பல்கள் மோதி ஏறத்தாழ 400 டன் எரிபொருள் கடலில் கலந்தது; செந்தோசா, செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு கரைகளில் கரிய எண்ணெய் ஒதுங்கியது. லாசரஸ் தீவின் தென்கரையையும் குசு திட்டையும் சேர்த்து இரண்டாவது கடற்பூங்கா அமைக்கும் திட்டமும் 2024-இல்தான் அறிவிக்கப்பட்டது.