லயன் அறையில் பிளாஷ்: பின்சுவர் நிழலைத் தவிர்ப்பது எப்படி?

1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்களில் பலர் இறுதி யுத்தத்திலும் சிக்கினார்கள். ஆகவே, காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தை ஏந்தி நிற்கும் ஒரு தாயைக் கண்டிப் பக்கத்து லயன் ஒன்றிலும் நீங்கள் படமெடுக்க நேரலாம். மழை இருட்டில் கமரா தானாகவே பிளாஷை அடிக்கும். அம்மாவின் தலைக்குப் பின்னால் கரிய நிழல் ஒன்று சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

காரணம் எளிது. கமராவோடு சேர்ந்த பிளாஷ் மிகச் சிறியது. சிறிய விளக்கின் நிழலுக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும். ஆள் சுவரை ஒட்டி நின்றால் அது அப்படியே பதிவாகும். கமராவை நிமிர்த்திப் பிடித்தால் பிளாஷ் பக்கவாட்டுக்குப் போய்விடும், நிழலும் ஒரு பக்கமாக நீளும்.

ஆளைச் சுவரிலிருந்து நகர்த்துவதே முதல் வழி. தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகும். 5 அடியில் ஆள், 10 அடியில் சுவர் என்றால் சுவர் மங்கிவிடும், நிழலும் எடுபடாது. ஆனால் 10 அடிக்கு 12 அடி அறையில் இதற்கு எங்கே இடம்? அடுத்த அறைக்குப் போகும் வாசல் அவருக்குப் பின்னால் வரும்படி நிற்க வையுங்கள். நிழல் விழ அங்கே சுவரே இல்லை.

வெள்ளை அட்டையால் ஒளியைக் கூரைக்குத் திருப்பச் சொல்வார்கள். வெள்ளைக் கூரைக்கு அது சரி. அடுப்புப் புகையில் கறுத்த தகரத்துக்குச் சரிவராது. பிளாஷின் மேல் டிசு ஒட்டினால் வெளிச்சம் குறையும், நிழல் பெரிதாக மாறாது. படத்தின் அடியில் அரைவட்ட நிழல் தெரிந்தால் அது லென்ஸ் ஹூட்டின் வேலை, கழற்றிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பிளாஷை அணைத்துவிட்டு அவரைக் கதவோரம் இருத்துவதே மேல். ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை கூட்டுங்கள். கொஞ்சம் புள்ளி விழும், பரவாயில்லை.

கையிலுள்ள பழைய படத்தைத் தனியாகப் பிரதி எடுப்பதென்றால் பிளாஷ் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் பட்டு முகமே வெளுத்துவிடும். வாசலில், உங்கள் சொந்த நிழல் மேலே விழாத பக்கமாக நின்று, நேர்மேலிருந்து எடுங்கள். சட்டத்திலிருந்து கழற்ற அவர்கள் சம்மதித்தால் பின்புறத்தையும் பாருங்கள். பெயரோ திகதியோ எழுதியிருந்தால் அதற்கும் ஒரு படம்.