பேராக்கில் ஆஸ்டியோபதியும் தோட்டப்புறக் கைவைத்தியமும்

ஆஸ்டியோபதி என்பது மருந்தோ கத்தியோ இல்லாமல், எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றின் இயக்கத்தைக் கையால் சீர்செய்து உடல்நலத்தை மீட்க முயலும் மருத்துவ முறை. மலேசியாவின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் (சட்டம் 775) ஏற்றுக்கொண்ட ஏழு துறைகளுள் இதுவும் ஒன்று. பேராக் மாநிலத் தோட்டத் தமிழரிடம், கையால் நோவு தீர்க்கும் வழக்கம் இச்சட்டத்திற்கு நெடுநாள் முன்பே வேரூன்றியிருந்தது.

தோற்றம்

ஆஸ்டியோபதியை நிறுவியவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1828–1917). 1864 இல் மூளைக்காய்ச்சல் அவருடைய பிள்ளைகள் மூவரைப் பலிகொண்டது. அக்கால மருந்துகள் மீது அவர் நம்பிக்கை இழந்தார். உடலின் அமைப்பு கோணினால் அதன் வேலையும் கெடும், இரத்த ஓட்டம் தடையின்றி நடந்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற கொள்கையை 1874 இல் அறிவித்தார். 1892 இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் பள்ளியைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917 இல் லண்டனில் ஒரு பள்ளியை நிறுவினார். பிரிட்டன் 1993 இல் தனிச் சட்டம் இயற்றி இத்தொழிலை முறைப்படுத்தியது. அமெரிக்காவில் இப்பட்டம் பெற்றவர் அறுவை உட்பட எல்லா மருத்துவமும் செய்யலாம். மற்ற பெரும்பாலான நாடுகளில் கைச்சிகிச்சையோடு சரி.

தமிழ் மரபு

சித்த மருத்துவத்தில் ஆஸ்டியோபதிக்கு இணையானது தொக்கணம் என்னும் கைச்சிகிச்சை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். இவற்றுள் இழுத்தலும் அசைத்தலும் ஆஸ்டியோபதியின் மூட்டு அசைவு முறைகளுக்கு மிக நெருங்கியவை. உடலின் உயிர்நிலைகளைக் கூறும் வர்ம நூல்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களைக் கணக்கிடுகின்றன. தோட்டங்களில் இந்த நூலறிவு முழுமையாக வந்து சேரவில்லை. சுளுக்கு வழிப்பதும் தைலமிட்டு உருவி விடுவதுமே நிலைத்தன. மலாய்க்காரரின் ஊருட் என்னும் உருவுதல், சீனரின் எலும்பு கட்டும் வைத்தியம் ஆகியவற்றையும் தமிழர் தயங்காமல் நாடினர்.

பால் வெட்டும் உடல்

1877 இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளே பேராக் ரப்பரின் தொடக்கம். ரப்பர் மரப் பட்டையில் வெட்டுக்கோடு கீழே இறங்க இறங்க, பால் வெட்டுபவரும் குனிந்துகொண்டே போக வேண்டும். அடிமரத்தில் வெட்டும் காலத்தில் இடுப்பு ஒடிந்துபோகும். மேல்பட்டையில் வெட்டும்போது கழுத்தை அண்ணாந்து, கையைத் தூக்கியே வேலை. ஒருவருக்கு ஒதுக்கிய ஒரு நாள் நிரையில் சில நூறு மரங்கள். ஒவ்வொன்றிலும் அதே திருப்பம். பிறகு காண்டா என்னும் காவடித் தடியில் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்க வேண்டும். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரிடம் மாத்திரை கிடைக்கும். நோவின் காரணம் வேலையில் இருந்ததால் அது மறுநாளும் திரும்பும். உழைப்பு விளைவித்த இந்த நோவு முதுமை நோவாகவே கணக்கிடப்பட்டது பெரும் அநீதி.

இத்தகைய இறுகிய கழுத்துக்கு ஆஸ்டியோபதியில் ஒரு முறை உண்டு. நோயாளி தலையைத் திருப்பிச் சிகிச்சையாளரின் உள்ளங்கையை மெல்ல அழுத்துவார். கை அசையாமல் எதிர்த்து நிற்கும். சில நொடிகளில் தசை தளர, கழுத்து சற்றுக் கூடுதலாகத் திரும்பும். இதைச் சிலமுறை தொடர்வர்.

இன்றைய நிலை

பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின; மக்கள் ஈப்போ புந்தோங் போன்ற இடங்களில் குடியேறினர். ஆஸ்டியோபதியை ஏற்ற சட்டம் 775 நடைமுறைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 1 இல்.

நாள்பட்ட இடுப்பு வலியைக் குறைப்பதில் ஆஸ்டியோபதிக்கு ஓரளவு சான்று உண்டு. உள்ளுறுப்பு நோய்களைத் தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், விழுந்தபின் கடுமையான முதுகு வலி ஆகியவற்றுக்கு யாரும் உருவவோ நெட்டி முறிக்கவோ கூடாது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.