சுவரில் எழுதிய பெயர்

ஒரு வீட்டின் சுவரில் தொங்கும் படம் அவ்வீட்டாருக்கே உரியதாவது எப்பொழுது? விலை கொடுத்து வாங்கிய நாளிலா? சட்டமிட்டு ஆணியில் மாட்டிய நாளிலா? இவ்வினாவுக்கு விடை தேடுவோருக்குத் திருக்கோணமலைத் துறைமுகப் பகுதி நல்லதொரு பாடசாலை. அங்கே கல்லும் படமும் தம்மேல் எழுதப்பட்ட பெயரைக் கொண்டே உரிமை பேசுகின்றன.

முதலில் வீட்டுப் படத்தின் சரித்திரத்தைக் காண்போம். தமிழருடைய சாதாரண இல்லங்களில் சுவர்ப்படம் பிந்தி வந்த பொருளேயாகும். மண்சுவருக்குச் செம்மண்ணும் சுண்ணமும் பூசி, விசேட நாளில் கோலமிடுவதே பழைய அலங்காரம். இரண்டாம் சரபோசி மன்னர் 1798 முதல் 1832 வரை தஞ்சையில் ஆண்ட காலத்தில், பலகையின்மேல் துணியை ஒட்டி, பசையாற் புடைப்பு அமைத்து, பொற்றகடு பதித்துத் தெய்வப் படங்கள் தீட்டும் கலை சிறந்து விளங்கியது. அவை செல்வர் வீட்டுப் பூசையறைக்கு உரியவை. அத்துணைப் பொருட்செலவு செய்ய இயலாதார்க்குக் கண்ணாடி ஓவியம் கிடைத்தது. கண்ணாடியின் பின்புறத்தே தலைகீழ் முறையில் வரையும் வேலை அது. கண்ணும் நகையும் முதலில். உடலும் உடையும் அடுத்து. பின்னணி வண்ணம் கடைசியில். ஒருமுறை பிழைத்தால் மேற்பூச்சால் மறைக்க இயலாது.

1894ஆம் ஆண்டில் இரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவினார். அரண்மனைச் சுவரிலிருந்த ஓவியத்தின் அச்சுப்பிரதி எளியவர் வீட்டுக்கும் வந்தது. ஆயின் ஒரு குறை உண்டாயிற்று. ஆயிரம் வீடுகளில் ஒரே இலக்குமி, ஒரே சரசுவதி, ஒரே சேலை, ஒரே புன்முறுவல். இக்குறையைத் தீர்க்கப் புதுவழியொன்று பிறந்தது. அச்சிட்ட சேலையின்மேல் உண்மையான பட்டுத் துணியை அளவாக வெட்டி ஒட்டினர். ஓரத்தில் சரிகை வைத்தனர். கழுத்தில் மணிகளைக் கோத்தனர். மினுங்கும் சம்கி பதித்துக் கண்ணாடிக்குள் அடைத்தனர். எல்லார்க்கும் பொதுவாயிருந்த இலக்குமி அதனால் ஒரு வீட்டு இலக்குமியானாள். கைவேலை பட்ட இடத்தில் உரிமை பிறந்தது.

புகைப்படக் கலை 1839ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் உலகறிய வெளியிடப்பட்டது. பின்னர் தெய்வப் படத்துக்கு அருகே தாத்தாவும் பாட்டியும் சுவரேறினர். இறந்தவருடைய படத்தின் கீழே பெயரையும் இரு தேதிகளையும் எழுதுவித்தல் வழக்கமாயிற்று. ‘மலர்வு’ என்று ஒன்று. ‘உதிர்வு’ என்று மற்றொன்று. ஈழத்துத் தமிழர் இதனோடு நில்லாமல், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது இறந்தவருடைய வரலாறும் வமிசாவளியும் அடங்கிய சிறு நூலை அச்சிட்டு வழங்குவர். காகிதத்தில் அச்சிட்ட அந்நூலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கல்வெட்டு’.

இப்பெயர் திருக்கோணமலைக்குப் புதிதன்று. கவிராச வரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் ‘கோணேசர் கல்வெட்டு’, குளக்கோட்டன் செய்த திருப்பணியையும், கோயிற் கடமைகளுக்காகக் குடியேற்றப்பட்ட மக்களின் தொழும்பு முறைகளையும் எடுத்துரைக்கிறது. இன்னார் இன்ன கடமைக்கு உரியர் என்று எழுதி வைத்த ஏடு அது.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கொன்சுதந்தீனு த சா என்னும் போர்த்துக்கேயத் தேசாதிபதியின் காலத்தில், கோணேசர் ஆலயம் இடிக்கப்பட்டது. கோயிற் கற்கள் கோட்டைச் சுவராயின. அக்கோட்டைக்கு 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பிரெடறிக் கோட்டை எனப் பெயரிட்டனர். அதன் வாயிற்கல்லில் இரட்டைக் கயல் உருவமும் தமிழ் எழுத்துக்களும் இன்றும் உள்ளன. எழுத்துக்கள் சிதைந்திருப்பினும், அந்தக் கல் வாய்திறந்து தன் குலத்தைக் கூறுகிறது. எழுத்தில்லாத கற்களோ கோட்டைச் சுவரின் கற்களாகவே நின்றுவிட்டன.

கோணேசர் மலையில் மற்றொரு சான்றும் உண்டு. பிரான்சினா வான் றீடே என்னும் ஒல்லாந்த நங்கையின் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறித்த தூண் அது. பழைய கோயிலின் தூணே அவ்வாறு நினைவுச் சின்னமாக்கப்பட்டது என்பர். காதலன் கப்பலேறிச் சென்றமையால் அவள் மலையிலிருந்து கடலில் வீழ்ந்து மாண்டாள் என்று ஒரு கதை வழங்குகிறது. ஒல்லாந்தர் பதிவேடுகளோ, அவள் அதன் பின்னரும் உயிரோடிருந்து மணம் புரிந்ததைக் காட்டுகின்றன. தூணில் பெயரும் ஆண்டும் உள்ளன. அவள் செய்தி விளங்கவில்லை. விளங்காத இடத்தைக் கதை நிரப்பிக்கொண்டது. ஆகவே பெயர் மட்டும் போதாது. அவர் யார், யாருக்கு என்ன முறை என்னும் ஒரு வரியும் வேண்டும்.

இது பழங்கல்லைப் பற்றிய செய்தி மாத்திரமன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் வீடுகள் சுவரோடு போயின. அதற்கு முன்னும் பின்னும் போரினால் இடம்பெயர்ந்தோர் கைக்குழந்தையோடும் உடுத்த துணியோடும் ஓடினர். சுவரிலிருந்த படத்தைக் கழற்ற நேரம் இல்லை. சீமெந்தும் ஓடும் கொண்டு வீட்டை மீண்டும் கட்டலாம். தாயின் ஒரே படம் போயிற்றென்றால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 2011ஆம் ஆண்டு யப்பானில் அத்தகைய பேரலை அடித்தபோது, சேற்றிற் கிடந்த புகைப்படங்களைத் தொண்டர்கள் பொறுக்கி, நீரிற் கழுவி, உலர்த்தி, உரியவர் வந்து அடையாளம் காணும்வண்ணம் பரப்பிவைத்தனர். முகத்தை அறிந்தவர் வராத படம் உரியவரின்றியே இருந்தது.

ஆதலால் வீட்டுக்கென்று படம் அமைப்போர் அழகோடு ஆயுளையும் எண்ணுதல் வேண்டும். படத்தின் பின்புறத்தில், ஓரமாக, மென்மையான பென்சிலாற் பெயர், ஊர், ஆண்டு, உறவுமுறை ஆகியவற்றை எழுதலாம். பேனாவின் மை நாளடைவில் ஊறி முன்புறத்தைக் கெடுக்கும். கடற்காற்று வீசும் ஊரில் ஈரம் கண்ணாடியினுள்ளே புகும். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே சுற்றிலும் அட்டை விளிம்பு வைத்தால் அத்தீங்கு நேராது. சட்டத்தின் பின்மூலைகளிற் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று உலாவும். நேர்வெயில் படும் சுவரைத் தவிர்த்தல் நன்று. யாவற்றுக்கும் மேலாக, ஒரு பிரதி எடுத்து வேற்றூரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்தல் வேண்டும். ஒரு கரையை அலை கொண்டாலும் மறு கரையில் முகம் இருக்கும்.

இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. அம்மாலைப்பொழுது, படத்திலுள்ளவர் யாரென்று சொல்லவல்ல முதியவர் அருகிலிருக்கும்போதே அமைதல் வேண்டும். கயல் பொறித்த கல் நானூறு ஆண்டுகளாக அயலார் கட்டிய சுவரிலிருந்தும் தன் பெயரை இழக்கவில்லை. வீட்டுச் சுவரிலுள்ள படத்துக்கும் அவ்வாறு ஒரு வரி எழுதி வைத்தால், பேரப்பிள்ளைகள் அதை அந்நியராக நின்று பாரார்.