நியூட்டனுக்கே அல்வா கொடுத்த பங்கு

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்கா. தீசிஸ் ஆணி ஜாஸ்தி. போன சனிக்கிழமை லண்டன் பிரிட்ஜ் பக்கம் போனப்ப கைஸ் ஆஸ்பத்திரியைப் பார்த்தேன். மேட்டர் சிக்கிருச்சு. அந்த ஆஸ்பத்திரியே பங்கு வித்த காசுல எழும்பினதுதான்!

1711ல் சவுத் சீ கம்பெனி ஆரம்பிச்சாங்க. பேருக்குத் தென்னமெரிக்க வியாபாரம் (அடிமை வியாபாரமும் அதுல அடக்கம்). முக்கியமான வேலை, அரசாங்கக் கடனைப் பங்கா மாத்துறது. 1720 ஜனவரியில சுமார் 128 பவுண்டு இருந்த பங்கு, கோடையில 1000 பவுண்டு வரைக்கும் போச்சு. பங்கு வாங்க கம்பெனியே கடன் கொடுத்துச்சுன்னா பார்த்துக்கோங்க. வருஷக் கடைசியில விலை புறப்பட்ட இடத்துக்கே வந்துருச்சு.

புத்தக வியாபாரி தாமஸ் கை, விலை ஏறும்போதே வித்துட்டுக் கிளம்பிட்டாரு. 1721ல் அந்தக் காசுல ஆஸ்பத்திரி.

நம்ம நியூட்டன் அப்போ நாணயச்சாலைத் தலைவர். அவரும் முதல்ல நல்ல லாபத்துலதான் வித்தாரு. ஆனா வித்த பிறகும் விலை ஏறிக்கிட்டே போச்சு. உச்சத்துக்குப் பக்கத்துல திரும்ப வாங்கினாரு. 20,000 பவுண்டு போச்சுன்னு அவரோட தங்கச்சி மகள் சொன்னதா குறிப்பு இருக்கு.

கணக்குத் தெரியாமலா? வந்த லாபத்தை விட, வராம போன லாபம் அவரை உறுத்தியிருக்கும்னு எனக்குத் தோணுது. லாபம் தர்ற சந்தோஷத்தை விட அதே அளவு நஷ்டம் தர்ற வலி பெருசுன்னு 1979ல் கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதினாங்க. அதனாலதான் ஏறின பங்கைச் சீக்கிரம் வித்துட்டு, இறங்கினதைக் கட்டிப்பிடிச்சுக்கிறோம்னு 1985ல் ஷெஃப்ரினும் ஸ்டாட்மேனும் விளக்கினாங்க.

இப்ப என் கதை. பார்ட் டைம்ல சேர்த்த 600 பவுண்டை ஒரு பங்குல போட்டு, 90 பவுண்டு லாபத்துல வித்தேன். ரூம்மேட் விக்கல. அவனுக்கு ஏற ஏற எனக்கு வயித்தெரிச்சல். திரும்ப வாங்கினேன், ஊருக்கு அனுப்ப வேண்டிய கல்விக்கடன் தவணையையும் சேர்த்து. இப்ப பாதிதான் மிச்சம். "சம்பளம் லேட்டுப்பா"ன்னு அப்பாகிட்ட ரெண்டு மாசமா பொய்.

வாங்கின விலைக்கு வரட்டும்னுதான் காத்திருந்தேன். ஆனா நான் என்ன விலைக்கு வாங்கினேன்னு பங்குக்குத் தெரியுமா என்ன? இந்தக் காசு இன்னிக்குக் கையில இருந்தா இதே பங்கை வாங்குவேனான்னு கேட்டுப் பார்த்தேன். மாட்டேன். திங்கட்கிழமை விக்கிறேன். அதுக்கு முன்னாடி அப்பாவுக்கு ஒரு போன். அதுதான் கஷ்டம்.

டிஸ்கி: இது முதலீட்டு ஆலோசனை இல்லை. நியூட்டனைத் துணைக்குக் கூப்பிட்டது, அப்பா திட்டும்போது சொல்லிக்கத்தான் :-)