தாமஸ் கஜெட்டன் ராக்லாண்ட்

தாமஸ் கஜெட்டன் ராக்லாண்ட் (1815–1858) கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர் பகுதிகளை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தில் கூடார வாழ்க்கை மேற்கொண்டு ஊர் ஊராகச் சென்று பணியாற்றிய ஆங்கிலேயக் குருவானவர். சர்ச் மிஷனரி சங்கத்தைச் (சி.எம்.எஸ்.) சேர்ந்தவர். வட திருநெல்வேலி சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கியவர்.

பிறப்பும் கல்வியும்

ராக்லாண்ட் 1815 ஏப்ரல் 26 அன்று ஜிப்ரால்டரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்தார். சில காலம் வணிக அலுவலகத்தில் வேலை பார்த்தபின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார். 1841ஆம் ஆண்டு கணிதச் சிறப்புத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே நான்காம் இடம் பெற்றார். அக்கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகவும் ஆனார். வசதியான வாழ்க்கை காத்திருந்தும், 1845இல் சென்னைக்குக் கப்பலேறினார்.

சென்னையில்

சென்னையில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. கடிதங்களும் கணக்குகளும் மேற்பார்வையுமே அன்றாட வேலை. அப்பொறுப்பில் இருந்தபோது திருநெல்வேலிச் சபைகளை நேரில் பார்வையிட்டார். தெற்கில் 1799இல் உருவான முதலூர் தொடங்கி நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி எனக் கிறிஸ்தவ ஊர்கள் பெருகியிருந்தன. வடக்கில் சபைகள் மிகக் குறைவு. இந்த இடைவெளியே அவரைச் செயலாளர் பதவியை விட்டு வடக்கே போக வைத்தது.

கரிசல் வட்டாரம்

அக்காலத்தில் சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் ஆகியவை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 1910இல்தான் புதிய இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாறின. கோவில்பட்டி எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. தெற்கே செம்மண் தேரியும் பனங்காடும், இங்கோ கரிசல். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிப் பயிர்கள். மழை பெய்தால் கரிசல் மண் களியாகி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஊர்கள் சிறியவை, சிதறிக் கிடப்பவை. தெற்கைப் போல ஒரே இடத்தில் பங்களாவும் கோயிலும் பள்ளியும் கட்டி அமர்ந்தால் இத்தனை ஊர்களையும் எட்ட முடியாது.

கூடார ஊழியம்

1854இல் ராக்லாண்ட் பணியைத் தொடங்கினார். இளம் குருமார்களான டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் இருவரும் துணை நின்றனர். ஃபென்னின் தந்தை ஜோசப் ஃபென் கேரளத்தில் கோட்டயத்தில் பணியாற்றியவர். ஓர் இடத்தில் கூடாரம் அடித்து, சுற்றியுள்ள ஊர்களுக்குக் காலையும் மாலையும் சென்று பேசுவது, பிறகு கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த இடத்துக்குப் போவது என்பதே முறை.

ஊர் ஊராகச் சென்று பிரசங்கிக்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் பரவலாக்கியவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி. ராக்லாண்ட் மெதடிஸ்ட் அல்லர், ஆங்கிலிக்கன் திருச்சபையினர். எனினும் ஆலயத்துக்கு மக்கள் வரக் காத்திராமல் மக்களிடம் போவது இருவருக்கும் பொதுவானது.

இதில் தமிழர் பங்கு முக்கியமானது. தென்பகுதிச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை முறை வைத்து வடக்கே அனுப்பின. உள்ளூர்ப் பேச்சும் பழக்கமும் அறிந்த இவர்கள் இல்லாமல் வெளிநாட்டார் மூவர் மட்டும் இவ்வேலையைச் செய்திருக்க இயலாது.

மறைவு

ராக்லாண்டின் உடல்நலம் ஏற்கெனவே நலிந்திருந்தது. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில், நுரையீரலிலிருந்து இரத்தம் வெளியேறி இறந்தார். வயது 43.

மதிப்பீடு

அவர் வாழ்நாளில் ஞானஸ்நானம் பெற்றோர் சிலரே. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தோல்வியாகத் தோன்றும். ஆனால் ஃபென்னும் மெடோஸும் உபதேசியார்களும் பணியைத் தொடர்ந்தனர். பிற்காலத்தில் சிவகாசியும் அருகிலுள்ள சாட்சியாபுரமும் நிலையான மையங்களாயின. கூடாரம் அடித்த வட்டாரத்தில் பள்ளிகளும் ஆலயங்களும் எழுந்தன. டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் 1922இல் இவரது வரலாற்றை நூலாக எழுதினார்.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ராக்லாண்டின் ஆங்கிலிக்கன் மரபும் வெஸ்லியின் மெதடிஸ்ட் மரபும் ஒரே சபையில் இணைந்தன. மண்ணின் இயல்பையும் ஊர்களின் அமைப்பையும் பார்த்து வேலை முறையை மாற்றிக்கொண்டதே ராக்லாண்டின் தனிச்சிறப்பு.